இந்தக் குட்டி ஃபங்ஷன் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள் போகலாமா?

ஸ்டாண்டர்ட் லைப்ரரி என்பது ஒரு நிரல் மொழியோடு கூடவே வரும் ரெடிமேட் ஃபங்ஷன்களின் தொகுப்பு. "மூணே வரிதானே, லைப்ரரியில் போட்டுவிட்டால் என்ன?" என்று தோன்றும்போது வரிகளை எண்ணாதீர்கள். அந்த மூன்று வரியை எத்தனை பேர் தப்பாக எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டு எண்களின் நடு எண்ணை எடுத்துக்கொள்வோம். கூட்டி இரண்டால் வகுத்தால் முடிந்தது, இதற்குப் போய் ஃபங்ஷனா? சரி, ஜாவா மொழியின் 32 பிட் இன்ட்டில் (முழு எண் வகை) 150 கோடியோடு இன்னொரு 150 கோடியைக் கூட்டுங்கள். உச்சவரம்பே 214 கோடி சொச்சம்தான் என்பதால் கூட்டுத்தொகை மைனஸ் 129 கோடிக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும், பாதியாக்கினால் மைனஸ் 64 கோடி. ஜாவாவின் சொந்த பைனரி சர்ச்சிலேயே (வரிசையான பட்டியலை நடுவில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் ஃபங்ஷன்) இந்தத் தப்பு வருடக்கணக்கில் ஒளிந்திருந்து 2006-ல்தான் அம்பலமானது. சி++ மொழியின் சி++20 பதிப்பு, நடு எண் தரும் மிட்பாயின்ட்டைச் சேர்த்தது நியாயம்தான்.

ஆகவே நாலைந்து கோடுபேஸில் (புராஜெக்டுகளின் மொத்தக் கோடு) தேடி, அதே வேலையை ஆளாளுக்குக் கையால் எழுதியிருக்கும் இடங்களைப் பொறுக்கி, காலி லிஸ்ட், நெகட்டிவ் எண், ரொம்பப் பெரிய எண் என்று விதவிதமாகக் கொடுத்து ஓட்டுங்கள். விடைகள் வேறுபட்டு, அதில் ஒன்றுதான் சரி என்றால் தயங்காமல் சேர்க்கலாம். எல்லாமே ஒரே விடை தந்தால் பெரும்பாலும் வேண்டாம் (தினமும் எல்லோரும் எழுதுவது என்றால் விதிவிலக்கு, கோ (Go) மொழியின் 1.21 பதிப்பில் சிறியது, பெரியது தரும் மின், மேக்ஸ் வந்தது அப்படித்தான்).

விடைகள் வேறுபடுகின்றன, ஆனால் எல்லாமே சரி என்றால்தான் தலைவலி. 10 பொருளை மூன்று மூன்றாகப் பிரித்தால் மிஞ்சும் ஒன்றை என்ன செய்வது? தனியாகத் தரலாம், தூக்கிப் போடலாம், எரர் காட்டலாம். பைத்தான் 3.12-ல் வந்த, இப்படிப் பிரிக்கும் பேட்ச்டு ஃபங்ஷன் அதைத் தனியாகத் தந்தது. அடுத்த பதிப்பிலேயே எரர் கேட்பவர்களுக்காக ஸ்ட்ரிக்ட் என்றொரு ஆப்ஷன் ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரி ஆப்ஷன் மூன்றைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முடிவெடுக்க முடியவில்லையா, முதலில் ஆவணத்தில் ஒரு ரெசிபியாக (எடுத்து ஒட்டிக்கொள்ளும் மாதிரிக் கோடாக) மட்டும் போடுங்கள். அடுத்தடுத்த பொருள்களை ஜோடி ஜோடியாகத் தரும் பைத்தானின் பேர்வைஸ் அப்படி இருந்துதான் 3.10-ல் லைப்ரரிக்குள் வந்தது.

அப்புறம், பெயர். ஜாவாஸ்கிரிப்டில் பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களை ஒன்றாக்கும் ஃபங்ஷனுக்கு ஃப்ளாட்டன் என்று வைக்கப் பார்த்தார்கள், மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரை வைத்திருந்ததால் ஒரு பிரபல தளமாவது உடைந்தது, கடைசியில் ஃப்ளாட் என்று சுருக்க வேண்டியதாயிற்று. பழைய லைப்ரரிகளில் உங்கள் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தேடல் போட்டுவிடுங்கள்.