திருகோணமலையில் அரச–தனியார் கூட்டுத் திட்டங்கள்: கையெழுத்துக்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஆழ்கடல் துறைமுகம், அதைச் சுற்றி அரச காணி, வேலை தேடும் இளைஞர்கள் என எல்லாம் இருந்தும் திருகோணமலையில் பெரிய திட்டங்கள் பல அறிவிப்போடு நின்றுவிடுகின்றன. நடந்து முடிந்த சிலவும் மூதூரிலோ குச்சவெளியிலோ எதிர்பார்த்த வேலையைத் தரவில்லை. ஒப்பந்தம் எழுதப்படும் முன்னர் கேட்க வேண்டியவற்றைக் கேட்காமல் விடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். கையெழுத்து விழுந்த பிறகு பிரதேச சபையோ கூட்டுறவுச் சங்கமோ கேட்கும் எதற்கும் சட்டப் பலம் இருக்காது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒரு திட்டக் கோப்பு மேசைக்கு வரும்போது கீழே உள்ளவற்றை அங்கேயே கேட்டுவிட வேண்டும்.

முதலீட்டுத் தொகையை வேலைக் கணக்காக எடுத்துக்கொள்வது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். "இத்தனை கோடி டொலர் முதலீடு, இத்தனை ஆயிரம் வேலை" என்று ஒரே மூச்சில் சொல்லப்படும் எண்ணில் கட்டுமானக் கால வேலை, நிரந்தர வேலை, மறைமுக வேலை மூன்றும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

கணக்கு எளிது. உதாரணத்துக்கு, ஒரு திட்டம் 18 மாதக் கட்டுமானத்தில் 400 பேருக்கு வேலை தருகிறது என்று வையுங்கள். 400 × 18 = 7,200 ஆள்-மாதம் (ஓர் ஆள் ஒரு மாதம் செய்யும் வேலையே ஓர் ஆள்-மாதம்). அதை 12ஆல் வகுத்தால் 600 ஆள்-ஆண்டு. ஒப்பந்தக் காலம் 25 ஆண்டு என்றால், 600ஐ 25ஆல் வகுக்க ஆண்டுக்கு 24 பேர். "400 வேலை" என்று கேட்டது சராசரியில் 24 ஆகிறது. இதனோடு இயக்கக் காலத்து நிரந்தரப் பணியாளர் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் உண்மையான பலன் தெரியும்.

திட்டத்தின் தன்மையும் முக்கியம். சூரிய மின் நிலையமும் எண்ணெய்க் குதங்களும் (எண்ணெய் சேமிக்கும் பெரிய தாங்கிகள்) பணத்தை அதிகம் விழுங்கி ஆட்களைக் குறைவாகக் கேட்பவை. சம்பூரில் 120 மெகாவாட்டுக்குத் திட்டமிடப்பட்டிருப்பது போன்ற நிலையம் ஓடத் தொடங்கியபின் தகடு கழுவுதல், புல் வெட்டுதல், காவல், சில தொழில்நுட்பவியலாளர் என்பதோடு தேவை முடிந்துவிடும். நாட்டுக்கு அந்த மின்சாரம் வேண்டும்தான். ஆனால் அதை வேலைத் திட்டமாக ஊருக்கு விற்பது நியாயமில்லை. அப்படிப்பட்ட திட்டத்தில் ஊர் கேட்க வேண்டியது வேறு: உள்ளூராட்சி சபைக்கு ஆண்டு வருமானம், வீதி, குடிநீர், கிராமத்துக்கான மின் இணைப்பு. ஆட்கள் அதிகம் தேவைப்படுவது மீன் பதனிடல், கப்பல் பழுதுபார்ப்பு, உணவு உற்பத்தி, விடுதித் தொழில் போன்றவற்றில். புல்மோட்டைக் கனிய மணல் நெடுங்காலமாகப் பெரும்பாலும் பிரித்தெடுத்த நிலையிலேயே ஏற்றுமதியாகிறது. அடுத்த கட்டப் பதனிடல் இங்கே நடந்தால்தான் வேலை இங்கே தங்கும்.

வேலை எண்ணிக்கையைச் சரிபார்க்கவும் வழி எழுதப்பட வேண்டும். நிறுவனத்தின் ஆண்டறிக்கை போதாது. ஊழியர் சேமலாப நிதிக்கு மாதாமாதம் அனுப்பும் 'சி' படிவத்தில் உள்ள பெயர் எண்ணிக்கையே நம்பத்தக்கது. தொழில் தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம், அத்துடன் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் என்பவை கட்டப்படாத ஆளை நிரந்தர வேலையாக எண்ணக் கூடாது. ஆள் வழங்கும் முகவர் மூலம் எடுப்பவர்களும் இந்தக் கணக்கில் வர வேண்டும் என்று தெளிவாக எழுதாவிட்டால், பாதிப் பேர் அந்த இடைவெளியில் காணாமல் போவார்கள்.

"உள்ளூர்வாசி" யார் என்று சொல்லாமல் விடுவது

"உள்ளூர் மக்களுக்கு முன்னுரிமை" என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். இலங்கை முழுவதுமே உள்ளூர்தான் என்று அதற்குப் பொருள் கொள்ளவும் முடியும். எனவே வட்டம் போட்டு எழுதுங்கள்: முதலில் பாதிக்கப்படும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், அடுத்து அந்தப் பிரதேச செயலகப் பிரிவு, அதன்பின் மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் வீதம் வேண்டும். கேள்வி (டெண்டர்) கோரப்படும் ஆண்டுக்கு முந்திய வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வேண்டும். இல்லாவிட்டால் தற்காலிக முகவரிகள் முளைக்கும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் மாவட்டத்தில், பிரிவு அடிப்படையிலான விதி யாரையும் பெயர் சொல்லி ஒதுக்காது, சந்தேகமும் குறையும்.

காணி தெளியும் முன்னரே முதலீட்டாளரை அழைப்பது

சம்பூரின் வரலாறு எல்லோருக்கும் தெரியும். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2012இல் 818 ஏக்கர் முதலீட்டு வலயமாக ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. 2015இல் அந்த ஒதுக்கீடு இரத்துச் செய்யப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அதே பகுதிக்கு 2011இல் ஒப்பந்தமான 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. மக்கள் ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்தார்கள், முதலீட்டாளர் நீதிமன்றத்தில் நின்றார், வேலை ஒன்றும் உருவாகவில்லை. காணிப் பிரச்சினையைத் தள்ளிப்போட்டால் எல்லாத் தரப்பும் தோற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கேள்விப்பத்திரம் வெளியிடும் முன் முடிக்க வேண்டியவை இவை. பிரதேச செயலகத்தின் காணிப் பதிவேட்டையும் நில அளவைத் திணைக்கள வரைபடத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துவராத இடமே பின்னர் வழக்காகும். வன, வனசீவராசிகள், தொல்லியல், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களங்களிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். உறுதிக் காணி, அனுமதிப்பத்திரக் காணி, பத்திரமே இல்லாமல் தலைமுறையாகப் பயிர் செய்த காணி மூன்றையும் தனித்தனிப் பட்டியலாக்குங்கள். மூன்றாவது பட்டியலை விட்டுவிடுவதுதான் வழமை. எதிர்ப்பும் அங்கிருந்துதான் வரும்.

காணி வரைபடத்தில் தெரியாத உரிமைகளும் உண்டு. மேய்ச்சல் தரை, கடற்கரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, கோயிலுக்கும் மயானத்துக்கும் போகும் வழி. கொட்டியாரக் குடாவில் இறங்குதுறையோ குழாய்ப்பாதையோ வந்தால், பதிவு செய்த படகுக்காரரின் பெயர் நட்டஈட்டுப் பட்டியலில் ஏறும். கரைவலை இழுக்கும் ஆளின் பெயரும் மீன் காயவைக்கும் பெண்ணின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் இராது. மீனவர் சங்கத்தோடு உட்கார்ந்து ஒரு முழு மீன்பிடிப் பருவத்துக்கான பட்டியலை எடுத்தால்தான் அவர்கள் கணக்கில் வருவார்கள். வாடைக்காலத்தில் போய் எண்ணினால் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்.

உடன்பாட்டை ஒப்பந்தம் என்று நினைப்பது

சீனக்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற 99 எண்ணெய்க் குதங்கள், ஏறத்தாழ 10 இலட்சம் தொன் கொள்ளளவு. 2003இல் ஒரு உடன்பாடு வந்தது. இருந்தும் பெரும்பகுதி காட்டுக்குள்ளேயே கிடந்தது. 2022 ஜனவரியில்தான் பங்கு பிரிக்கப்பட்டது: 14 குதங்கள் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐ.ஓ.சி. 49 வீதமும் வைத்திருக்கும் கூட்டு நிறுவனத்திடம். இடையில் போனது 19 ஆண்டு. தொடங்கும் திகதி, கட்டம் கட்டமான இலக்கு, தவறினால் காணி அரசுக்குத் திரும்பும் விதி ஆகிய மூன்றும் எந்தக் குத்தகையிலும் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு தரப்பு இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மற்றவர் யாரும் நுழைய முடியாது.

போட்டியில்லாமல் முதலீட்டாளரே கொண்டுவரும் யோசனைகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். நல்ல யோசனையாகவே இருந்தாலும் மற்றவர்களையும் விலைமனுக் கொடுக்க வையுங்கள்.

ஆபத்து முழுவதையும் அரசின் தலையில் கட்டுவது

விலை டொலரில் கட்டப்பட்டால் என்ன ஆகும் என்று 2022 காட்டியது. ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. ஓர் அலகு மின்சாரத்துக்கு 10 டொலர் சதம் என்று எழுதியிருந்தால், 20 ரூபா 36 ஆகியிருக்கும். கூடுதல் 16 ரூபாவைக் கட்டுவது பாவனையாளரோ திறைசேரியோதான். கடன் தவணைக்குரிய பங்கை மட்டும் டொலரோடு இணைத்து, உள்ளூர்ச் சம்பளம், பராமரிப்புக்குரிய பங்கை ரூபாவில் வைக்கலாம். முதலீட்டாளருக்கு ஆகக்குறைந்த வருமானத்தை அரசு உறுதிப்படுத்தினால், அளவுக்கு மேல் வரும் இலாபத்தில் அரசுக்கும் பங்கு வேண்டும்.

சிறு ஒப்பந்தகாரரைப் பணம் இல்லாமல் கொல்வது

வேலையை ஒரே பெரும் பொதியாகக் கொடுத்தால், நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில் சிறு வேலைகளுக்கான சி7, சி8, சி9 தரத்தில் பதிந்திருக்கும் நம் ஒப்பந்தகாரர் கிட்டவே போக முடியாது. மதில், வடிகால், தங்குமிடம், உணவு வழங்கல் ஆகியவற்றைத் தனிப் பொதிகளாகப் பிரியுங்கள். அதைவிட முக்கியமானது பணம் வரும் நாள். நாளொன்றுக்கு 3,000 ரூபா கூலியில் 12 பேரை வைத்திருப்பவருக்கு 26 நாள் மாதத்துக்கு 9,36,000 ரூபா வேண்டும். பில் 90 நாளில் கிடைக்கும் என்றால், 28 இலட்சம் ரூபா அவர் கையிலிருந்து முதலில் போக வேண்டும். வட்டிக்கு வாங்கிச் செய்து நொந்துபோவார். அடுத்த முறை விலைமனுக் கொடுக்கமாட்டார். துணை ஒப்பந்தகாரருக்கு 30 நாளில் பணம் என்ற விதி பிரதான ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

பயிற்சியைக் கடைசியில் தொடங்குவது

வெல்டிங், மின் இணைப்பு, பாரந்தூக்கி இயக்கம் ஆகியவற்றுக்குத் தேசிய தொழில் தகைமை 3ஆம், 4ஆம் மட்டச் சான்றிதழ் கேட்பார்கள். வகுப்பு, தொழிலிடப் பயிற்சி, மதிப்பீடு என்று எடுத்தால் ஓராண்டு எளிதில் போய்விடும். நிலம் தோண்டத் தொடங்கியபின் ஆள் சேர்த்தால், நம் பிள்ளைகள் கையில் சான்றிதழ் வரும்போது அந்த வேலையே முடிந்திருக்கும். தேவைப்படும் தொழில்களின் பட்டியலை, எந்த மாதத்தில் எத்தனை பேர் என்ற கணக்கோடு, கையெழுத்தாகும் நாளிலேயே முதலீட்டாளர் தொழிற்பயிற்சி நிலையங்களிடம் கொடுக்க வேண்டும்.

முடிவை எழுதாமல் விடுவது

கொழும்புத் துறைமுகத்தின் முதல் தனியார் கொள்கலன் முனையம் 1999இல் 30 ஆண்டுக்கு வழங்கப்பட்டது. அத்தகைய ஒப்பந்தத்தில் சொத்து அரசிடம் திரும்பும்போது அது எந்த நிலையில் இருக்கும் என்பதே கேள்வி. கடைசி ஐந்து ஆண்டில் கூட்டுப் பரிசோதனை, பழுதுக்கான தொகையை நிறுத்திவைத்தல், பணியாளரின் சேவைக்காலம் தொடர்தல் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தைக் காட்ட மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகார சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். வணிக இரகசியம் என்று மறுத்தாலும், வேலை, காணி, நட்டஈடு பற்றிய அட்டவணைகளை மட்டும் தனியாகக் கேட்டு விண்ணப்பிக்கலாம்.