மூழ்கிய போட் மோட்டாரை வெயிலில் காய வைக்காதீர்கள்

தண்ணீரில் மூழ்கி எடுத்த அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்பக்கம் மாட்டுவது) அன்றைக்கே பிரிக்க ஆள் இல்லையா? மறுபடி நல்ல தண்ணீர் டிரம்மில் முழுசாக மூழ்க வைத்துவிடுங்கள்.

ஈரமும் காற்றும் சேரும்போதுதான் துரு வேகமாகப் பிடிக்கும். கிராங்க் பேரிங் சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும், தண்ணீருக்குள் இருந்தால் காற்று குறைவு. தருமபுரிப் பக்கத்து போர் தண்ணீர் பல ஊரில் உப்பு, அது வேண்டாம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் போதும்.

பிரிக்கும் நாளில் முதல் வேலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவது. அதற்கு முன்னால் ஸ்டார்ட் கயிற்றை இழுக்கவே கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் தண்ணீர் அமுங்காது, அதனால் கனெக்டிங் ராடு வளையும். பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, ஃபிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வடியுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தையும் டேங்கையும் காலி செய்து, சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பூன் 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) விட்டுச் சுற்றுங்கள். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்கும் மோட்டார் என்றால் முதல் டேங்குக்கு மட்டும் லிட்டருக்கு 40 மில்லி. கீழ்ப்பகுதி தண்ணீரில் இருக்க, அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். கியர் ஆயில் பால் மாதிரி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது, ஃபிளைவீல் இறுகி நிற்பது, காவிரிப் புதுவெள்ளத்தில் மணல் ஏறியது, இவற்றுக்கு இப்படித் தண்ணீரை வடிப்பது மட்டும் போதாது. முழுசாகப் பிரித்தே ஆக வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் ஆயிலையும் மாற்ற வேண்டும், பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. பேட்டரி, கம்ப்யூட்டர் பெட்டி உள்ள புது மோட்டாரை டிரம்மில் வைக்காமல் நேராக மெக்கானிக்கிடம் கொடுங்கள்.