ஜல்லி கொட்டியும் சேறு போகாத பாதை

வயலோரப் பாதையில் ஒரே இடம் மட்டும் மழைக்கு மழை சேறானது, நாங்கள் சேர்ந்து இரண்டு முறை ஜல்லி கொட்டினோம், இரண்டு முறையும் சேறு விழுங்கிவிட்டது. கோளாறு மண்ணில் இல்லை, தண்ணீரில். கொட்டுகிற மழையில் குடையோடு போய் நின்றபோதுதான் தெரிந்தது, மேட்டுத் தண்ணீர் பாதையையே வாய்க்காலாக்கி ஓடுகிறது. அப்புறம் மேட்டுப் பக்கம் கால்வாய் வெட்டி, பாதைக்குக் குறுக்கே சாய்வாகப் பெரிய கற்களைப் புதைத்துத் தண்ணீரைப் பள்ளத்துக்குத் திருப்பினோம் (நேர்க்குறுக்காக வைத்தால் வண்டல் தேங்கி அடைத்துக்கொள்ளும்), சேற்றை வழித்துக் கெட்டி மண் தெரிந்த பிறகே கல் பரப்பி, நடுவைச் சற்று உயர்த்தித் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். கூழாங்கல் வேண்டாம், உருளும். உடைத்த கல்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இலை அடைக்காமல் கால்வாயைத் தூர்வார வேண்டும், அதற்குத்தான் இப்போது ஆள் வருவதில்லை.