டாஸ்பாக்ஸில் பழைய விளையாட்டு: வேகம், வடிவம், ஒலி மூன்றையும் சரிசெய்யும் முறை

1990-இல் டாஸுக்கு (கட்டளைகளைத் தட்டி இயக்கிய பழைய இயங்குதளம்) வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை விண்டோஸ் 11-இல் இருமுறை க்ளிக் செய்தால் ஆட்டம் திறக்காது. இந்தச் செயலி இந்தக் கணினியில் இயங்காது என்று ஒரு பெட்டிதான் வந்து நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்து அழித்துவிடாதீர்கள். 16 பிட் டாஸ் நிரல்களை இயக்கும் பகுதியே 64 பிட் விண்டோஸில் கிடையாது. பழைய நிரல்களுக்காக விண்டோஸில் உள்ள கம்பாட்டிபிலிட்டி மோடும் உதவாது. பழைய கணினியை மென்பொருளாகவே உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் வேண்டும். அது இலவசம். கீழே சொல்பவை 0.74-3 பதிப்புக்கானவை.

படி 1: ஃபோல்டர்

சி டிரைவில் நேரடியாக 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனி ஃபோல்டர் வையுங்கள். பெயர்கள் ஆங்கிலத்தில், இடைவெளியின்றி, எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். டாஸுக்கு அதற்கு மேல் தெரியாது. நீளமான பெயரை வெட்டி, கடைசியில் ஒரு அலைக்குறியும் எண்ணும் ஒட்டிவிடும்.

படி 2: மவுண்ட்

டாஸ்பாக்ஸைத் திறந்தால் 'இசட்:\>' என்று கர்சர் மின்னும். புதியவர்கள் திகைத்து நிற்பது இங்கேதான். உங்கள் ஃபோல்டரை டாஸ்பாக்ஸுக்குள் ஒரு டிரைவாக இணைப்பதுதான் மவுண்ட். ஆட்டத்தின் ஃபோல்டர் பெயர் 'பிரின்ஸ்' என்றால், இவற்றை ஆங்கில எழுத்தில் தட்டி, ஒவ்வொரு வரிக்கும் என்டர் அழுத்துங்கள்:

மவுண்ட் சி சி:\கேம்ஸ்
சி:
சிடி பிரின்ஸ்
பிரின்ஸ்

'டிர்' என்று தட்டினால் கோப்புகள் வரிசையாக வரும். எதுவும் வராவிட்டால் மவுண்ட் வரியில் பிழை. டாஸ்பாக்ஸ் திறந்திருக்கும்போது புதிதாகக் கோப்பு சேர்த்திருந்தால் கண்ட்ரோல்+எஃப்4 அழுத்திய பிறகே தெரியும். முழு சி டிரைவையும் ஒருபோதும் மவுண்ட் செய்யாதீர்கள். உள்ளே ஓடும் நிரல் உங்கள் உண்மையான கோப்புகளையே அழிக்க முடியும்.

மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கண்ட்ரோல்+எஃப்10. முழுத்திரைக்கு ஆல்ட்+என்டர். பல லேப்டாப்களில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்தினால்தான் இவை வேலை செய்யும்.

படி 3: வேகம்

ஆட்டம் திரையில் வந்துவிட்டதே என்று பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அன்று விளையாடிய உணர்வு திரும்ப வருவதும் வராததும் இனிமேல் செய்வதில்தான் இருக்கிறது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். அக்காலத்து ஆட்டங்கள் பல, பிராசசரின் வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதப்பட்டவை. வேகம் கூடினால் எதிரிகள் கண்ணில் படுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். டாஸ்பாக்ஸ் இதை 'சைக்கிள்ஸ்' என்ற எண்ணால் கட்டுப்படுத்துகிறது. ஜன்னலின் தலைப்பில் அந்த எண் தெரியும். கண்ட்ரோல்+எஃப்11 குறைக்கும், கண்ட்ரோல்+எஃப்12 கூட்டும். அந்த முதல் ஐபிஎம் பிசியின் வேகத்துக்கு ஏறத்தாழ 300, பின்னர் வந்த பிராசசர்களில் 33 மெகாஹெர்ட்ஸ் 386-க்கு 6000, 66 மெகாஹெர்ட்ஸ் 486-க்கு 24000 என்று தொடங்கி, ஆடிப் பார்த்து நகர்த்துங்கள். எண்ணை அளவுக்கு மீறி ஏற்றினால் உங்கள் கணினி மூச்சுவாங்கி, ஒலி கரகரக்கும். அப்போது கொஞ்சம் இறக்குங்கள்.

படி 4: படத்தின் வடிவம்

அன்றைய ஆட்டங்களில் பல 320×200 புள்ளிகளில் வரையப்பட்டவை. ஆனால் பார்த்தது 4:3 மானிட்டரில். ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 20 சதவீதம் உயரமாகத் தெரிந்தது. இன்றைய திரையில் புள்ளி சதுரம் என்பதால் ஆட்கள் குட்டையாகிறார்கள், வட்டம் நசுங்குகிறது. ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸுக்குக் கீழே உள்ள ஆப்ஷன்ஸைத் திறந்து மூன்று வரிகளை மாற்றுங்கள்: 'அவுட்புட்' என்பதற்கு ஓபன்ஜிஎல், 'விண்டோரெசொலூஷன்' என்பதற்கு 1280x960, 'ஆஸ்பெக்ட்' என்பதற்கு ட்ரூ. முதல் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் ஜன்னல் பெரிதாகாது.

படி 5: ஒலி

ஆட்டத்தின் ஃபோல்டரில் 'செட்டப்' இருந்தால் முதலில் அதை ஓட்டி, சவுண்ட் பிளாஸ்டர் (அன்றைய ஒலி அட்டை), அதன் அமைப்பு எண்களாக போர்ட் 220, ஐஆர்கியூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். ஐஆர்கியூவில் 5 கொடுத்துவிட்டால் இசை கேட்கும், ஆனால் வாள் மோதும் சத்தமும் பேச்சும் வராமல் போகலாம். இசைக்கு அந்த எண் தேவையில்லை. பதிவு செய்த ஒலிகளுக்குத் தேவை.

படி 6: தினமும் தட்டாமலிருக்க

அதே ஆப்ஷன்ஸ் கோப்பின் கடைசியில் 'ஆட்டோஎக்ஸெக்' பகுதி இருக்கும். படி 2-இன் நான்கு வரிகளையும் அங்கே எழுதி, ஐந்தாவதாக 'எக்ஸிட்' சேர்த்துவிடுங்கள். டாஸ்பாக்ஸைத் திறந்ததும் ஆட்டம் தொடங்கும். ஆட்டத்தை மூடினால் ஜன்னலும் மூடிக்கொள்ளும்.