லோபால்னா வெறும் அடிமாட்டு விலை இல்லைங்க

சம்பளம் பேசும்போது "என்னை லோபால் பண்ணிட்டாங்க"ன்னு, அதாவது ரொம்பக் கம்மியா சொல்லிட்டாங்கன்னு, இப்ப சகஜமா சொல்றோம், சரிதான், ஆனா கம்மியா கேக்குற எல்லாத்தையும் லோபால்னு சொல்றது தப்பு. எட்டு லட்சம் போற செகண்ட் ஹேண்ட் காரை ஏழரைக்குக் கேட்டா அது பேரம். விக்கிறவருக்கு அவசரம்னு தெரிஞ்சுக்கிட்டு நாலு லட்சத்துக்குக் கேக்குறாங்க பாருங்க, அதுதான் லோபால். வேணும்னே கீழ இறக்குறாங்கன்ற குத்தச்சாட்டு அந்த வார்த்தையிலயே இருக்கு, அதனால "இது என்னோட லோபால் ஆஃபர்"னு நீங்களே மெயில்ல எழுதிடாதீங்க.

இது கிரிக்கெட்ல தாழ்வா வர்ற பந்துலேர்ந்து வந்துச்சுன்னு சிலர் அடிச்சு விடுறாங்க, அதுவும் இல்ல. போக்கர்ன்ற சீட்டாட்டத்துல லோபால்னு ஒரு வகை ஆட்டம் இருக்கு, அதுலேர்ந்து வந்ததுதான், மத்த ஆட்டத்துல பெரிய கார்டு வெச்சிருக்கிறவர் ஜெயிப்பார்னா இதுல சின்ன கார்டுதான் ஜெயிக்கும், கலிஃபோர்னியா முறைல ஏஸ், 2, 3, 4, 5 வந்துட்டா அதுக்கு மேல கையே கிடையாது. அமெரிக்காவுல 1950கள்லயே விலையைக் குறைச்சுச் சொல்றதுக்கும் இந்த வார்த்தை வந்துடுச்சு. லோபால் கிளாஸ்னா விஸ்கி ஊத்துற குட்டை கிளாஸ், அதுக்கும் பேரத்துக்கும் சம்பந்தமில்ல.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற தப்பு வேற. லோபால் பண்றது வாங்குறவங்க மட்டும்தான்னு நினைச்சுடுறோம், விக்கிறவங்களும் பண்ணுவாங்க, அதுலதான் நிறைய பேர் மாட்டுறாங்க. அமெரிக்க கார் ஷோரூம்கள்ல இது பழைய வித்தை, முதல்ல ஆசை காட்டுற மாதிரி ஒரு விலை சொல்லுவாங்க, நீங்க ஃபார்மெல்லாம் ஃபில் பண்ணி இந்தக் கார்தான்னு மனசுல முடிவே பண்ணின அப்புறம் "மேனேஜர் ஒத்துக்கல சார், அந்த ஏசி இந்த விலைல சேராது"ன்னு மெதுவா ஏத்துவாங்க. உளவியல் ஆய்வாளர் ராபர்ட் சியால்டினியும் கூட இருந்தவங்களும் 1978ல வெளியிட்ட ஆய்வுல இதையே மாணவர்கள்கிட்ட சோதிச்சுப் பாத்தாங்க. ஒரு சோதனைல கலந்துக்க காலைல 7 மணிக்கு வரணும்னு முதல்லயே சொன்னப்ப ஒத்துக்கிட்டவங்க கம்மி, முதல்ல சரின்னு வாங்கிட்டு அப்புறம் நேரத்தைச் சொன்னப்ப ஒத்துக்கிட்டவங்க அதிகம்.

அதனால விலை ஏறுற அந்த நிமிஷத்துல "இவ்ளோ தூரம் வந்தாச்சே"ன்னு கையெழுத்துப் போட்டுடாதீங்க, புது விலையை இப்பதான் முதல் தடவை கேக்குற மாதிரி எடுத்துக்கிட்டு பக்கத்து ஷோரூம்லயும் ஒரு கொட்டேஷன் வாங்கிப் பாருங்க.