மூடிய விண்டோ எங்கே போகிறது? டெஸ்க்டாப் புரோகிராமில் மெமரி கசியாமல் எழுதுவது

சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு தனியார் மருந்தகம், அதாவது கிளினிக். கவுண்டர் மானிட்டரின் கீழ் விளிம்பில் மஞ்சள் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. "பகல் 1 மணிக்குள் ரீஸ்டார்ட் செய்யவும்" என்று நீல மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. நான் அங்கே போனது பிரிண்டரைச் சரிசெய்து கொடுக்க.

"இது எதுக்குக்கா?" என்று கவுண்டரில் இருந்த அக்காவிடம் கேட்டேன்.

"உங்க சிஸ்டத்துக்குத்தான் தம்பி. மத்தியானம் ஆனா திணறும், அப்புறம் தானா மூடிக்கும். அதுக்கு முன்னாடி நாங்களே மூடித் திறந்துடுவோம். ஆறு மாசமா பழகிடுச்சு."

அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். வரிசையில் ஆட்கள் காத்திருக்கும்போது, என் பிழைக்காக ஒருவர் ஆறு மாதமாகத் தினமும் அதை மூடித் திறந்திருக்கிறார். ஒரு புகார்கூட இல்லை. ஊபியில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குத் திரும்பியதும் அன்று வேறு எந்த வேலையையும் தொடவில்லை. அதில் கற்றதையும், அதற்குப் பிறகு மற்றப் புரோகிராம்களில் கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. அது சி பிளஸ் பிளஸ் மொழியில், விண்டோ, பொத்தான் போன்றவற்றைத் தரும் கியூட்டி (Qt) என்ற லைப்ரரி கொண்டு எழுதிய புரோகிராம். நோயாளி பதியும்போது ஒரு முறை, பணம் கட்டும்போது ஒரு முறை, அவர் கையெழுத்திட்ட படிவத்தின் ஸ்கேன் ஒரு சின்ன விண்டோவில் திறக்கும். ஏ4 தாளை 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 1654க்கு 2339 பிக்சல். டிஸ்க்கில் ஜேபெக்காகக் கிடக்கும்போது சில நூறு கேபிதான். திரையில் காட்டுவதற்காக அதை விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வேண்டும், ஆக மொத்தம் சுமார் 15 எம்பி. மெமரியைப் பற்றி யோசிக்கும்போது கோப்பின் அளவைப் பார்க்காதீர்கள், விரிந்த படத்தின் அளவைப் பாருங்கள். காலை 8:30லிருந்து பகல் 1 மணிக்குள் 60 பேர் வந்தால் 120 விண்டோ, அதாவது 1,800 எம்பி. என் புரோகிராம் 32 பிட். விண்டோஸில் அப்படிப்பட்ட புரோகிராமுக்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரி இடமே, அதாவது அது தொடக்கூடிய மெமரியே, 2 ஜிபிதான். அக்கா அனுபவத்தில் கண்டுபிடித்து எழுதிவைத்த 1 மணியும் இந்தக் கணக்கில் வருகிற 1 மணியும் ஒன்றுதான்.

சரி, மூடிய விண்டோ ஏன் போகவில்லை? கியூட்டியில் ஒரு விட்ஜெட்டை (விண்டோ, பொத்தான் போன்ற திரைப் பொருளை) உருவாக்கும்போது அதற்கு ஒரு பேரன்ட் கொடுக்கலாம். பேரன்ட் அழியும்போது தன் பிள்ளைகளையும் சேர்த்து அழித்துவிடும். நல்ல ஏற்பாடு. அதை நம்பித்தான் 'நியூ' போட்டு (யாராவது அழிக்கும்வரை இருக்கும்படி) டயலாகை, அதாவது அந்தச் சின்ன விண்டோவை, உருவாக்கி, மெயின் விண்டோவை பேரன்டாகக் கொடுத்து, அதைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கும் 'எக்ஸெக்'கைக் கூப்பிட்டிருந்தேன். ஆனால் பயனர் டயலாகை மூடும்போது அது திரையிலிருந்து மறைகிறது, அவ்வளவுதான். பொருள் அழிவதில்லை. மெயின் விண்டோ கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இருக்கும். அதுவரை அத்தனை டயலாகும் அதன் மடியிலேயே கிடக்கும். இப்படி வேலை முடிந்தும் விடப்படாமல் மெமரி சேர்ந்துகொண்டே போவதைத்தான் கசிவு என்கிறோம்.

ஆகவே ஒரு பொருளை உருவாக்கும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதற்குச் சொந்தக்காரர் யார்? அந்தச் சொந்தக்காரர் எவ்வளவு நேரம் இருப்பார்? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். எனக்கும் அதற்குப் பதில் தெரிந்திருந்தது. இரண்டாவதைக் கேட்காததால்தான் அந்த மஞ்சள் தாள் வந்தது.

திருத்தம் சுலபம். பதில் வரும்வரை காத்திருக்கும் டயலாக் என்றால் 'நியூ' வேண்டாம். ஃபங்க்ஷனுக்குள் சாதாரண மாறியாக, ஸ்டாக்கில் உருவாக்குங்கள். ஃபங்க்ஷன் முடிந்ததும் அதுவும் போய்விடும். தனியாகத் திறந்து நிற்கும் விண்டோ என்றால் 'நியூ' போட்டு, 'டெலீட் ஆன் குளோஸ்' என்ற அட்ரிபியூட்டைக் கொடுங்கள். மூடியதும் அழியும். இரண்டையும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். ஸ்டாக்கில் இருப்பதற்கு அந்த அட்ரிபியூட்டைக் கொடுத்தால் ஒரே பொருளை இரண்டு முறை அழிக்கப் பார்த்துப் புரோகிராம் விழும். அப்படி மூடியதும் அழியும் விண்டோவுக்கு வேறு இடத்தில் பாயிண்டர், அதாவது அதன் மெமரி முகவரி, வைத்திருந்தால், அதைக் கியூபாயிண்டராக மாற்றிவிடுங்கள். பொருள் அழிந்ததும் அது தானாக வெறுமையாகும், செத்த முகவரியைத் தொட வேண்டி வராது.

ஒரு விட்ஜெட்டின் சிக்னலை (தன்னில் ஏதோ நடந்தது என்று அது அனுப்பும் செய்தியை) கையாளும்போதே அந்த விட்ஜெட்டை நேரடியாக 'டெலீட்' செய்யாதீர்கள். 'டெலீட்லேட்டர்' கூப்பிடுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலை முடிந்து, அடுத்த கிளிக்குக்காகக் காத்திருக்கும் ஈவென்ட் லூப்புக்குத் திரும்பிய பிறகு அது அழிக்கும்.

இனி, சொந்தம் கைமாறும் இடங்கள். பெரும்பாலான கசிவு இங்கேதான் ஒளிந்திருக்கும். டேபிள் விட்ஜெட்டில் 'செட்ஐட்டம்' செய்தால் அந்த ஐட்டம் டேபிளுக்குச் சொந்தம். 'டேக்ஐட்டம்' செய்து வெளியே எடுத்தால் அது மறுபடி உங்கள் பொறுப்பு, நீங்கள்தான் அழிக்க வேண்டும். லேஅவுட்டில் 'டேக்அட்' செய்தாலும் அப்படித்தான். 'ரிமூவ்விட்ஜெட்' இன்னும் மோசமாக ஏமாற்றும். லேஅவுட்டின் பட்டியலிலிருந்து பெயரை எடுக்குமே தவிர, விட்ஜெட்டை அழிக்காது. தகவலைக் காட்டும் வியூவுக்கு, தகவலைத் தரும் மாடலை 'செட்மாடல்' மூலம் கொடுத்தால் வியூ அந்த மாடலுக்குச் சொந்தக்காரர் ஆகாது. ஒவ்வொரு தேடலுக்கும் புது மாடல் உருவாக்கி மாட்டினால் பழைய மாடல்கள் அப்படியே கிடக்கும். கிராஃபிக்ஸ் வியூவும் தான் காட்டும் சீனுக்குச் சொந்தக்காரர் இல்லை. நெட்வொர்க் ரிப்ளை கையில் வந்ததும், படித்து முடித்து 'டெலீட்லேட்டர்' சொல்வது உங்கள் வேலை. இதை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'டேக்', 'ரிமூவ்', 'செட்' என்று ஆரம்பிக்கும் ஃபங்க்ஷனை முதல்முறை பயன்படுத்தும்போது, ஓனர்ஷிப் பற்றி ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நிமிடம் படியுங்கள். பெரும்பாலும் ஒரே வரியில் சொல்லியிருப்பார்கள்.

அடுத்ததில் எனக்கு இரண்டு நாள் போயிற்று. அதே மருந்தகத்தில் வரிசை எண் காட்டும் பெரிய திரை உண்டு. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழியிலும் காட்டும். மொழி மாற்றும் பொத்தான் காலையில் உடனே வேலை செய்யும், மாலையில் அழுத்தினால் ஒரு கணம் தயங்கும். ஒவ்வொரு எண்ணும் திரைக்கு வரும்போது, செட்டிங்ஸ் பொருளின் 'மொழி மாறியது' என்ற சிக்னலோடு ஒரு லாம்டாவை (பெயரில்லாத சின்ன ஃபங்க்ஷனை) இணைத்திருந்தேன். அந்த லாம்டா நோயாளியின் பதிவை ஷேர்டு பாயிண்டராக, அதாவது தான் விடும்வரை அழியாதபடி, பிடித்திருந்தது. எண் திரையை விட்டுப் போனதும் அதைக் காட்டிய அட்டை என்ற விட்ஜெட் அழிந்தது. லாம்டா போகவில்லை, அது பிடித்திருந்த பதிவும் போகவில்லை. மாலையில் மொழி மாற்றினால், காலையிலிருந்து வந்துபோன அத்தனை பேருக்கும் மொழிபெயர்ப்பு ஓடியது.

காரணம் இதுதான். சிக்னல் அனுப்பும் செட்டிங்ஸ் பொருள் புரோகிராம் முடியும்வரை இருக்கும். லாம்டாவுக்கு என்று தனி உயிர் இல்லை, எப்போது துண்டிப்பது என்று கியூட்டிக்குத் தெரியாது. 'கனெக்ட்' கூப்பிடும்போது லாம்டாவுக்கு முன்னால், மூன்றாவது இடத்தில், ஒரு பொருளைக் கொடுக்கலாம். என் விஷயத்தில் அது அந்த அட்டை. அட்டை அழிந்ததும் இணைப்பும் அறும், லாம்டா பிடித்திருந்ததும் விடுபடும். ஒரே ஒரு வார்த்தையைச் சேர்த்ததில் சரியாயிற்று. இப்போது மூன்றாவது பொருள் இல்லாமல் லாம்டா கொடுத்த கனெக்ட் எதையும் எங்கள் சோர்ஸ் கோடில் நான் ஏற்றுக்கொள்வதில்லை.

மொழி எதுவானாலும் இந்த உருவம் ஒன்றுதான்: நீண்ட நாள் இருக்கும் ஒன்று, குறுகிய நாள் இருக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சி ஷார்ப்பில் யாரும் பிடிக்காத பொருளைத் தானே அழிக்கும் கார்பேஜ் கலெக்டர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஃபார்ம் (விண்டோ) ஒன்று, புரோகிராம் முடியும்வரை இருக்கும் ஸ்டாட்டிக் ஈவென்ட்டில் தன்னைச் சேர்த்துக்கொண்டால், அந்த ஈவென்ட் ஃபார்மை விடாது. திரை அளவு மாறியதைச் சொல்லும் சிஸ்டம்ஈவென்ட்ஸ் இதற்கு நல்ல உதாரணம். சேர்ப்பதற்காகப் பிளஸ் ஈக்குவல் போட்ட இடத்துக்கு ஜோடியாக, நீக்கும் மைனஸ் ஈக்குவல் எங்கே என்று தேடுங்கள். பைத்தானிலும் சிக்னலுக்குக் கொடுத்த லாம்டாவுக்குள் விண்டோவைக் குறிக்கும் 'செல்ஃப்' இருந்தால் அந்த விண்டோ பிடிபட்டுவிடும்.

சி ஷார்ப்பில் விண்டோ செய்ய உதவும் விண்ஃபார்ம்ஸில் எழுதுபவர்களுக்கு இன்னும் மூன்று விஷயம். 'ஷோ'வால் திறந்த ஃபார்மை மூடினால் அது டிஸ்போஸ் ஆகிவிடும், அதாவது பிடித்திருந்ததை எல்லாம் விட்டுவிடும். 'ஷோடயலாக்'கால் திறந்தது ஆகாது, அதனால் வேலை முடிந்ததும் டிஸ்போஸ் செய்யும் 'யூசிங்'குக்குள் அதை வையுங்கள். 'கண்ட்ரோல்ஸ் கிளியர்' பேனலைக் காலியாகக் காட்டும், உள்ளே இருந்த கண்ட்ரோல்களை டிஸ்போஸ் செய்யாது. கடைசியிலிருந்து முதலாவது வரை ஒவ்வொன்றாக நீங்களே டிஸ்போஸ் செய்யுங்கள். அப்புறம் விண்டோஸில் வரையும் வேலையைச் செய்யும் ஜிடிஐ. பேனா, பிரஷ், ஃபான்ட், பிட்மேப் என்று வரைவதற்கு எடுக்கும் ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் ஒரு கைப்பிடி தருகிறது. வழக்கமான உச்சவரம்பு ஒரு புரோகிராமுக்கு 10,000. அது தீர்ந்தால், ஜிபி கணக்கில் மெமரி மிச்சம் இருந்தும் பொத்தான்கள் கறுப்பாகும், எழுத்து காணாமல் போகும். டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ் என்ற பத்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விண்டோவைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்த எண் ஏறிக்கொண்டே போனால் விஷயம் அங்கேதான்.

கசிவு என்று சொல்ல முடியாத வீக்கமும் உண்டு. யாரும் எதையும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் திரையின் அடியில் ஒரு லாக் பெட்டி, நொடிக்கு ஒரு வரி சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளுக்கு 86,400 வரி. கியூட்டியின் பிளெய்ன்டெக்ஸ்ட்எடிட்டில் அதிகபட்ச பிளாக் எண்ணிக்கையை 1,000 என்று வைத்தால் பழைய வரிகள் தாமாக உதிரும். நீங்களே எழுதிய கேஷ் (மறுபடி தேவைப்படும் என்று எடுத்துவைப்பது) எதுவாக இருந்தாலும் அதற்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

இனி கண்டுபிடிப்பது. பாலிடெக்னிக் முடித்து எங்களிடம் சேர்ந்த பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, லினக்ஸ்ல வால்கிரைண்ட் போட்டுப் பார்த்தேன், இந்த டயலாக் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

நியாயமான கேள்வி. மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டின் கசிவுச் சோதனையும், அதே வேலையைச் செய்யும் லீக்சானிடைசரும் வழக்கமாகப் புரோகிராம் முடியும்போதுதான் கணக்குப் பார்க்கின்றன. முடியும்போது மெயின் விண்டோ அழிகிறது, தன் 120 பிள்ளைகளையும் ஒழுங்காக அழித்துவிடுகிறது. கணக்கு பூஜ்யம். நாள் முழுக்க வீங்கி, சாகும் நேரத்தில் சுத்தமாகிவிடும் புரோகிராமில் அந்தக் கருவிகள் குறை காண வழியில்லை. சொந்தக்காரரே இல்லாமல் தொலைந்ததை அவை பிடிக்கும், அதற்காகக் கட்டாயம் போடுங்கள். ஆனால் விண்டோ புரோகிராமில் தொல்லை தருவது பெரும்பாலும் சொந்தக்காரர் விடாமல் வைத்திருப்பதுதான்.

அதற்கு நான் செய்வது திறந்து மூடும் சோதனை. ஒரு டைமர் வைத்து, சந்தேகப்படும் விண்டோவைத் திறந்து மூடச் சொல்வேன். முதல் 20 முறையைக் கணக்கில் எடுக்க மாட்டேன். ஃபான்ட், படம் படிக்கும் பிளகின் எல்லாம் அப்போதுதான் ஏறும், அது இயல்பு. அதன் பிறகு 100, 200, 300 என்று மூன்று இடத்தில் கமிட் அளவை, அதாவது புரோகிராமுக்கு ஒதுக்கப்பட்ட மெமரியை, குறித்துக்கொள்வேன். கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் அது கேஷ். நூறுக்கு நூறு ஒரே அளவு ஏறினால் கசிவு. ஏற்றத்தை 100ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு எவ்வளவு என்று வரும், அந்த எண்ணே பாதி துப்பு. எனக்கு 15 எம்பி வந்தபோது, படம்தான் என்று சோர்ஸ் கோடைத் திறக்காமலே தெரிந்தது. ஒரு முறைக்கு 2 கேபி வந்திருந்தால் இணைப்புகளைத் தேடியிருப்பேன்.

அதோடு மெயின் விண்டோவிடம் 'ஃபைண்ட்சில்ரன்' கேட்டு, உள்ளே எத்தனை டயலாக் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றும் திறந்திருக்காத நேரத்தில் எண் 120 என்றால் வேறு சாட்சி தேவையில்லை. 'டம்ப்ஆப்ஜெக்ட்ட்ரீ' முழுக் குடும்ப மரத்தையும் எழுதிக் காட்டும். ஒரே பெயர் வரிசையாக நூறு முறை இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் பிறகு மறக்கவே மறக்காது. இந்தச் சோதனையை இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னால் ஓட்டுகிறோம். டயலாக் எண்ணிக்கை ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பாவிட்டால் வெளியீடு நிற்கும்.

புது பதிப்பை மருந்தகத்தில் நிறுவியபோது, 10 நிமிடத்துக்கு ஒருமுறை மெமரி அளவையும் டயலாக் எண்ணிக்கையையும் ஒரு கோப்பில் எழுதும்படி வைத்தேன். மஞ்சள் தாளை நான் கிழிக்கவில்லை, அக்காவிடமும் கிழிக்கச் சொல்லவில்லை. "ஒரு வாரம் ரீஸ்டார்ட் செய்யாம விட்டுப் பாருங்கக்கா, நின்னா எனக்கு உடனே போன் பண்ணுங்க" என்றேன். திங்கள் காலை 8:30க்கு 131 எம்பி. சனி மதியம் மருந்தகம் மூடும்போது 138 எம்பி, டயலாக் பூஜ்யம். அடுத்த முறை போனபோது மானிட்டரின் விளிம்பில் செலோடேப் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது.