தலைப்பைக் கேள்வியாக்குங்கள்: வரலாறு, இலக்கியம், சமூக அறிவியல் ஒப்படைப்பு எழுதும் முறை

மண்டபத்தில் மாலை வேளைகளில் பள்ளி, கல்லூரி மாணவர்களின் ஒப்படைப்புகளைத் திருத்திக் கொடுத்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை நான்கு பக்கமும் ஸ்கெட்ச் பேனாவால் கரை போட்டு, அழகிய கையெழுத்தில், "இயற்கை எழில் கொஞ்சும் இராமநாதபுரம் மாவட்டத்தில்" என்று தொடங்கி, "ஆகவே நாம் வரலாற்றைப் போற்றுவோம்" என்று முடிகின்றன. நடுவில் உள்ள எட்டுப் பக்கங்களும் எதற்கு விடை சொல்கின்றன என்று எழுதிய மாணவரிடமே கேட்டால் அவருக்கும் தெரிவதில்லை. அந்தக் குறையை நீக்கும் வழியைப் படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: தலைப்பிலிருந்து ஒரு கேள்வியைப் பிரித்தெடுத்தல்

ஆசிரியர் "தனுஷ்கோடி" என்று ஒரு சொல்லில் தலைப்புக் கொடுத்திருப்பார். அதை அப்படியே எழுத முற்பட்டால் இராமாயணம், புயல், மணல்திட்டு, சுற்றுலா என எல்லாம் ஒரே பையில் விழும். எழுதத் தொடங்கும் முன்பே, தனித்தாளில் அந்தத் தலைப்பைப் பற்றி "ஏன்", "எப்படி" என்று தொடங்கும் ஐந்து கேள்விகளை எழுதுங்கள். "தனுஷ்கோடியில் புயல் எப்போது வீசியது?" என்பது ஒரு வரியில் முடிந்துவிடும், அதைக் கொண்டு கட்டுரை எழுத முடியாது. "1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடி ஏன் மீண்டும் ஊராக எழவில்லை?" என்பது காரணத்தைத் தேட வைக்கும். இப்படிப்பட்ட ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் அடித்துவிடுங்கள். இந்தப் படிக்கு அரை நாள் செலவானாலும் அது வீணாகாது.

இரண்டாம் படி: குறிப்பு எடுத்தல்

ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் தகவலையும் வலப்பக்கம் அது எங்கே கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கும் தகவலைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம். கைபேசியில் கண்டதையெல்லாம் படம் பிடித்து வைப்பது குறிப்பெடுத்ததாகாது; கையால் சுருக்கி எழுதும்போதுதான் எது தேவை, எது தேவையில்லை என்று புரியும்.

எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். 1964 புயல் வீசிய இரவில் அலையில் சிக்கிய பாம்பன்–தனுஷ்கோடி பயணிகள் ரயிலில் இறந்தவர்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது. அப்போது நமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்தெடுக்காமல், "எண்ணிக்கை பலவாறாகக் கூறப்படுகிறது" என்று எழுதுவதே நேர்மையானது. இதற்காக எந்த ஆசிரியரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்.

மூன்றாம் படி: பத்தி கட்டுதல்

எனக்கு வந்த ஒரு தாளில் இருந்த பத்தி இது: "1964ஆம் ஆண்டு தனுஷ்கோடியைக் கொடூரப் புயல் தாக்கியது. மக்கள் சொல்லொணாத் துயரம் அடைந்தனர். அன்று முதல் அவ்வூர் அழிந்த நகரமாகக் காட்சியளிக்கிறது." இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் நாம் எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடையும் இல்லை. புயல் வீசிய எல்லா ஊர்களும் அழிந்தே கிடப்பதில்லையே.

அந்த மாணவரும் நானும் அமர்ந்து அதை இவ்வாறு மாற்றினோம்: "1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை மட்டுமல்லாமல், 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தையும் உடைத்தது. பாலம் 46 நாள்களில் சீராக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளமோ மீண்டும் போடப்படவில்லை. இலங்கையின் தலைமன்னாருக்குச் செல்லும் கப்பலும் பின்னர் இராமேஸ்வரத்திலிருந்தே புறப்பட்டது. துறைமுகமும் ரயிலும் சேர்ந்து வளர்த்த ஊர், இரண்டும் திரும்பி வராததால் எழவில்லை."

இந்தப் பத்தி முதலில் நடந்ததைச் சொல்கிறது. அடுத்து, பாலத்தையும் தண்டவாளத்தையும் எதிரெதிரே வைத்துக் காட்டுகிறது. கடைசி வாக்கியத்தில் மாணவரின் சொந்த முடிவு வருகிறது. அந்த முடிவோடு நீங்கள் முரண்படலாம். மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததே முதன்மைக் காரணம் என்று வேறொருவர் எழுதினால், அதுவும் நல்ல கட்டுரையே. "சொல்லொணாத் துயரம்" போன்ற ஆயத்தச் சொற்றொடர்கள் மட்டும் எந்த வாதத்துக்கும் துணை நிற்பதில்லை.

நான்காம் படி: இலக்கியமானால் அடிக்குள் நின்று எழுதுதல்

இலக்கிய ஒப்படைப்பில் பொழிப்புரையைப் பெயர்த்து எழுதுவதே வழக்கமான தவறு. அகநானூற்றின் 70ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய இந்த நெய்தல் பாட்டில், திருமணம் உறுதியானதும் ஊரார் தூற்றிய அலர் (காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு) அடங்கியது என்று தோழி சொல்கிறாள். "வென்வேற் கவுரியர் தொன்முது கோடி" (கவுரியர் என்றால் பாண்டியர்) என்னும் அடியில் வரும் கோடியைத் தனுஷ்கோடி என்று கொள்வோர் உண்டு.

அலர் அடங்கியதற்கு உவமை, "வெல்போர் இராமன் அருமறைக்கு அவித்த பல்வீழ் ஆலம் போல" என்பது. இங்கே அவித்த என்றால் ஒலி அடங்கச் செய்த என்று பொருள். ஆலமரத்தில் ஒலித்த பறவைகளை இராமன் அடக்கினான் என்று மாணவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். அடியை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் பறவை என்ற சொல்லே இல்லை. விழுதுகள் பல கொண்ட ஆலமரமும் அது அடங்கிப்போனதும் மட்டுமே இருக்கின்றன. பறவைகள் உரையிலிருந்து வந்தவை. பாட்டு சொல்வது எது, உரை சொல்வது எது என்று பிரித்து எழுதி, புலவர் ஏன் பறவையைச் சொல்லாமல் மரத்தையே அடங்கியதாகச் சொன்னார் என்று ஒரு பத்தி சிந்தித்தால், உங்கள் ஒப்படைப்பு மற்ற தாள்களிலிருந்து தனித்துத் தெரியும். இதே பாட்டில் பரதவர் கொழுத்த அயிலை மீனைப் பகுத்துக் கொடுக்கும் காட்சியும் வருகிறது. பாம்பன் கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்கு அகராதி தேவைப்படாது.

ஐந்தாம் படி: சமூக அறிவியலில் நேரில் கேட்டறிதல்

"மீனவர் வாழ்க்கை" என்று தலைப்பு வந்தால், கீழைக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நடைமுறையில் இருக்கும் விசைப்படகுத் தடைக்காலத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாள்களில் நாட்டுப்படகு கடலுக்குப் போகிறது. விசைப்படகு கரையில் நிற்கிறது. இரண்டிலும் வேலை செய்பவர்களில் தலா ஒருவரிடமும், கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு பெண்மணியிடமும் அனுமதி கேட்டுப் பேசி, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். "அண்ணே, கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் "ஆமா தம்பி" என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். "நேற்று என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேளுங்கள், வலை பின்னியதும், இஞ்சினைக் கழற்றியதும், வட்டிக்கு வாங்கியதும் தானாக வரும். அவர்களின் பெயரை எழுத வேண்டியதில்லை.

ஆறாம் படி: முன்னுரையைக் கடைசியில் எழுதுதல்

நடுப்பகுதி முடிந்த பிறகே முன்னுரையை எழுதுங்கள். நான்கு வரி போதும். அதில் உங்கள் கேள்வி நேரடியாக இடம்பெற வேண்டும். முடிவுரையில் அதற்கான விடை இருந்தால் போதும், அறிவுரை தேவையில்லை. பிறகு வீட்டில் யாரிடமாவது முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள். பக்க எண் இட்டு, இடப்பக்க ஓரம் விட்டு, தாள்களைத் தைத்துக் கொடுங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றின் ஈரத்தில் ஜெல் பேனா மை இழுகிவிடுகிறது என்பதால், பால்பாயிண்ட் பேனாவே பாதுகாப்பானது.